காய்ச்சலுக்கு மருந்து ஜனநாயகமா? 26 வயசுல அரசையே அதிரவைத்த டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோவின் கதை

காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனா என்ன எழுதித் தருவார்? மாத்திரை, டானிக், ரெண்டு நாள் ரெஸ்ட். அதானே?

ஆனால் 1848-ஆம் ஆண்டு, ஒரு இளம் டாக்டர் ஒரு பகுதி மக்கள் மொத்தத்துக்கும் சேர்த்து மருந்துச் சீட்டு எழுதினார். அதில் இருந்தவை என்ன தெரியுமா? பள்ளிக்கூடம், நல்ல ரோடு, ஏழைகளுக்கு வரிக் குறைப்பு, தாய்மொழியில் நிர்வாகம், மக்கள் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை.

அரசு அனுப்பித்தான் அவர் அங்கே போனார். அவர் கொடுத்த அறிக்கையோ அந்த அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. கடைசியில் வேலைக்கே ஆபத்து வந்தது.

யார் இந்த ருடால்ஃப் விர்ச்சோ? அவர் எழுதிய சீட்டு இன்றைக்கும் ஏன் பேசப்படுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சின்ன ஊர், வசதி இல்லாத குடும்பம்

1821 அக்டோபர் 13. அன்றைய பிரஷ்ய நாட்டின் பொமரேனியா பகுதியில் ஷீவெல்பைன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் விர்ச்சோ. இன்றைக்கு அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. அப்பா விவசாயி, ஊர் நிர்வாகத்தில் கஜானா பொறுப்பையும் பார்த்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

பணம் கட்டி மருத்துவம் படிக்க வைக்கும் அளவுக்கு வசதி இல்லை. பையனோ படிப்பில் கெட்டி. அதனால் 1839-இல் பெர்லினில் இருந்த ராணுவ மருத்துவக் கல்வி நிலையத்தில் இடம் கிடைத்தது. ஏழை வீட்டுத் திறமையான பிள்ளைகளை அரசு செலவில் படிக்க வைத்து, ராணுவ டாக்டர்களாக்கும் இடம் அது.

1843-இல் டாக்டர் பட்டம். அடுத்து பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் வேலை. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, எந்த நோய் உடம்பில் என்ன செய்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவு அது.

அங்கேயே ஆள் தனியாகத் தெரிய ஆரம்பித்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகிய ஒரு நோயாளியைப் பற்றி 1845-இல் எழுதினார். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும் நாம் சொல்லும் லுகேமியா. காலில் உறையும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைக்கும் என்பதை விளக்கியதும் அவர்தான். 1847-இல் நண்பருடன் சேர்ந்து ஒரு மருத்துவ ஆய்விதழைத் தொடங்கினார். அது இன்றுவரை வெளிவந்துகொண்டிருக்கிறது.

அதுவரை அவர் உலகம் நுண்ணோக்கியும் பிணவறையும்தான். அதை மொத்தமாக மாற்றிப் போட்டது ஒரு பயணம்.

மேல் சைலீசியாவில் என்ன நடந்தது?

பிரஷ்யாவின் தென்கிழக்கு மூலையில் மேல் சைலீசியா என்ற பகுதி. இன்றைக்கு அதன் பெரும்பகுதி போலந்தில். 1847-இல் அங்கே பயிர் பொய்த்துப் போனது. அந்த மக்களின் முக்கியச் சாப்பாடே உருளைக்கிழங்குதான். அதுவும் போச்சு. பஞ்சம். பஞ்சத்தின் பின்னாலேயே டைஃபஸ் காய்ச்சல்.

ஒரு சின்ன விளக்கம்: டைஃபஸ் வேறு, டைஃபாய்டு வேறு. டைஃபாய்டு அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருவது. இங்கே பரவிய டைஃபஸ், கடும் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்து ஆளைச் சாய்க்கும் வேறொரு தொற்று நோய். அன்றைக்கு அது எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது.

பிளெஸ் மாவட்டத்தில் 1847-ஆம் ஆண்டில் மட்டும் மக்களில் சுமார் 10 சதவீதம் பேர் இறந்தார்கள். பக்கத்து ரிப்னிக் மாவட்டத்தில் 8 மாதங்களில் 14 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டைஃபஸ். நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் பிழைக்கவில்லை. அனாதைக் குழந்தைகள் தெருவுக்கு வந்தார்கள். வைத்தியம் பார்க்கப் போன டாக்டர்களே படுத்துவிட்டார்கள்.

முதலில் அரசு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்திரிகைகளில் செய்தி வெடித்த பிறகுதான் அசைந்தது. நிலைமையைப் பார்த்துவர ஒரு மூத்த மருத்துவ அதிகாரியை அனுப்பியது. அவருடன் விர்ச்சோவையும் அனுப்பியது. 1848 பிப்ரவரி 20-ஆம் தேதி கிளம்பினார். வயசு 26.

மூன்று வாரத்தில் பார்த்தது என்ன?

வீடு வீடாகப் போனார். மரக்கட்டையை அடுக்கி, இடுக்கில் களிமண் பூசிய குடிசைகள். பல வீடுகளில் ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. சில இடங்களில் மாடும் அதே கூரைக்குக் கீழே. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்.

நிலமும் சுரங்கமும் பெரிய பிரபுக்கள் கையில். உழைப்பவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. பஞ்சம் வந்தபோது விற்றுச் சாப்பிடக்கூட வீட்டில் ஒன்றும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தார். அங்கே இருந்த மக்கள் பேசியது போலிஷ் மொழி. பள்ளியிலும் அரசு ஆபீஸிலும் இருந்ததோ ஜெர்மன். வாத்தியார் பேசுவது பிள்ளைக்குப் புரியாது. அதிகாரி எழுதுவது அப்பாவுக்குப் புரியாது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு ஏறவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மக்களைப் பற்றி விர்ச்சோ எழுதியதில் இளக்காரமும் இருந்தது. சோம்பேறிகள், சுத்தம் இல்லாதவர்கள் என்ற மாதிரியான வர்ணனைகள் அறிக்கையில் உண்டு. பெர்லின் படிப்பாளியின் பார்வை அது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று அவரைப் பற்றிப் பேச எதுவும் இருந்திருக்காது. இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்ற அடுத்த கேள்விக்குப் போனார். பதில் நேராக நிலப்பிரபுக்களிடமும், அதிகாரிகளிடமும், மதகுருமார்களிடமும், பெர்லின் அரசிடமும் போய் நின்றது.

அறிக்கையில் அப்படி என்ன இருந்தது?

ஊர் திரும்பியதும் எழுதிய அறிக்கை, அவருடைய ஆய்விதழில் சுமார் 180 பக்கங்களுக்கு வெளியானது. அரசு எதிர்பார்த்தது ஒரு மருத்துவ ரிப்போர்ட். கிடைத்தது வேறு.

உடனடியாகச் செய்ய வேண்டியவை: பசித்தவர்களுக்குச் சாப்பாடு, நோயாளிகளைப் பார்க்க டாக்டர்கள், உதவிகளை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளூர் ஆட்களைக் கொண்ட குழு.

ஆனால் இது மட்டும் போதாது, இப்படியே விட்டால் அடுத்த பஞ்சத்தில் அதே காய்ச்சல் திரும்ப வரும் என்பதுதான் அவர் வாதத்தின் மையம். அதற்காக அவர் கேட்டவை:

• எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.
• போலிஷ் மொழிக்கு அரசு அங்கீகாரம்.
• பள்ளிகள் மதகுருமார்கள் பிடியிலிருந்து வெளியே வர வேண்டும்.
• வரிச்சுமை ஏழை தலையிலிருந்து வசதி படைத்தவர்கள் பக்கம் மாற வேண்டும்.
• ரோடு, விவசாய மேம்பாடு, கூட்டுறவு அமைப்புகள்.
• இதெல்லாம் நிலைக்க, மக்களுக்கு முழு ஜனநாயக உரிமை.

சுருக்கமாகச் சொன்னால், காய்ச்சலைக் கொண்டுவந்தது எதுவாக இருந்தாலும், அதற்கு வாசலைத் திறந்து வைத்தது வறுமையும் அறியாமையும் உரிமை இல்லாத வாழ்க்கையும்தான் என்றார். அந்த வாசலை மூடுவது அரசின் வேலை என்றார்.

காரணம் தெரியாமலேயே சரியாகச் சொன்னது எப்படி?

இங்கதான் சுவாரஸ்யமான விஷயம் இருக்கு.

டைஃபஸை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது உடையில் ஒளிந்திருக்கும் உடல் பேன். இதை பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909-இல். அதாவது விர்ச்சோவின் அறிக்கைக்கு 61 வருடம் கழித்து.

விர்ச்சோவுக்குப் பேன் விஷயம் தெரியாது. நெரிசலான காற்றோட்டமில்லாத வீடு, ஈரப்பதம், பசி இவைதான் நோயை உண்டாக்குகின்றன என்று நினைத்தார். அந்த விளக்கம் முழுக்கச் சரியில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்க. உடல் பேன் எங்கே பெருகும்? மாற்றுத் துணி இல்லாத இடத்தில். துணியைக் கொதிக்க வைத்துத் துவைக்க விறகு இல்லாத இடத்தில். குளிருக்குப் பயந்து பத்துப் பேர் ஒரே அறையில் ஒட்டிப் படுக்கும் இடத்தில். பசியில் உடம்பு தளர்ந்திருக்கும் இடத்தில். கூலி உயர்ந்து, வீடு பெரிதாகி, கையில் ரெண்டு செட் துணி இருந்தால் பேனும் போகும், டைஃபஸும் போகும்.

ஆக, கிருமி தெரியாவிட்டாலும் அது தாக்கும் ஆட்களை அவர் சரியாக அடையாளம் காட்டினார். அவர்களை எப்படிக் காப்பாற்றலாம் என்பதையும் சரியாகச் சொன்னார். இன்றைக்குப் பொது சுகாதாரத் துறையில் நோயின் சமூகக் காரணிகள் என்று சொல்கிறார்களே, அந்தச் சிந்தனையின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று இந்த அறிக்கை.

போராட்டம், பழிவாங்கல், ஊர் மாற்றம்

1848 மார்ச் 10 வாக்கில் விர்ச்சோ சைலீசியாவிலிருந்து கிளம்பினார். மார்ச் 18-ஆம் தேதி பெர்லினில் புரட்சி வெடித்தது. மன்னராட்சிக்கு எதிராகத் தெருவில் தடுப்பு போட்டு நின்ற கூட்டத்தில் நம்ம டாக்டரும் ஒருவர்.

அதே ஆண்டு ஜூலையில் மருத்துவச் சீர்திருத்தம் என்ற பெயரில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ஏழைகளுக்கு டாக்டர் இயல்பாக வந்து நிற்க வேண்டிய வழக்கறிஞர் என்பதும், ஆரோக்கியம் குடிமக்களின் உரிமை என்பதும் அந்தப் பத்திரிகையின் அடிநாதம்.

அரசு சும்மா விடுமா? புரட்சி அடங்கியதும் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. 1849 மார்ச் கடைசியில் ஷாரிட்டேயில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிறகு நிபந்தனையோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே அவருக்கு எதிர்காலம் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஒரு வருடம்கூட ஓடாமல், ஜூன் மாதம் பத்திரிகையும் நின்றது.

1849 நவம்பரில் பவேரியாவின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அரசியலைக் கிளறக் கூடாது என்ற புரிதலோடுதான் அந்தப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1850-இல் ரோஸ் மேயரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஏழு வருடம் ஆராய்ச்சி, ஆராய்ச்சி, ஆராய்ச்சி. நடுவில் 1852-இல் பவேரியாவின் ஸ்பெஸ்ஸார்ட் மலைப்பகுதியில் பஞ்சம் வந்தபோது அங்கேயும் போய் அறிக்கை எழுதினார். விஷயம் மறுபடியும் அதேதான்: பசி, வறுமை, நோய்.

1856-இல் பெர்லினே அவரைத் திரும்ப அழைத்தது. 1858-இல் வெளியான அவருடைய செல் நோயியல் புத்தகம் மருத்துவத்தையே புரட்டிப் போட்டது. நோய் என்பது உடம்பின் செல்களில் நடக்கும் மாற்றம், ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே வருகிறது என்பதை நிலைநாட்டினார். இரண்டாவது கருத்தை அவருக்கு முன்பே ராபர்ட் ரெமாக் என்ற விஞ்ஞானி சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் மட்டும் விர்ச்சோவுக்குப் போனது.

சாக்கடைக்காகப் போராடிய கவுன்சிலர்

உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் அடுத்து என்ன செய்வார்? விர்ச்சோ செய்தது, 1859-இல் பெர்லின் நகர மன்றத்துக்குத் தேர்வானது. சாகும் வரை, 40 வருடங்களுக்கும் மேல், அந்தப் பதவியில் இருந்தார்.

அன்றைய பெர்லின் எப்படி இருந்தது? தெருவோரம் திறந்த வாய்க்கால். வீட்டுக் கழிவு, மழைத் தண்ணீர் எல்லாம் அதில்தான். அது போய்ச் சேருவது ஆற்றில். 1871-இல் 8 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அடிக்கடி காலரா வேறு.

பாதாளச் சாக்கடை போடலாமா, கழிவை வண்டியில் அள்ளிக்கொண்டு போகலாமா என்று பெரிய சண்டை. செலவு நம்ம தலையில் விழும் என்று வீட்டு உரிமையாளர்கள் பலர் எதிர்த்தார்கள். விர்ச்சோ புள்ளிவிவரங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு பாதாளச் சாக்கடைக்காக வாதாடினார். திட்டத்தை வரைந்தவர் பொறியாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட். நகரத்தை 12 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கழிவையும் பம்ப் செய்து ஊருக்கு வெளியே உள்ள வயல்களுக்கு அனுப்பும் ஏற்பாடு. 1873-இல் வேலை தொடங்கியது.

அதோடு நிற்கவில்லை. 1874-இல் பெர்லின் நகராட்சியின் பெரிய மருத்துவமனை ஃபிரீட்ரிக்ஸ்ஹைனில் திறக்கப்பட்டதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பன்றி இறைச்சியில் இருக்கும் ட்ரைகினெல்லா புழுவால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இறைச்சியை நுண்ணோக்கியில் பரிசோதித்த பிறகே விற்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

சைலீசியாவில் பேப்பரில் எழுதியதை, பெர்லினில் குழாயாகவும் கட்டிடமாகவும் மாற்றிக் காட்டினார் என்றுகூடச் சொல்லலாம்.

பிஸ்மார்க் சண்டைக்குக் கூப்பிட்டது உண்மையா?

உண்மைதான். 1861-இல் முற்போக்குக் கட்சியை உருவாக்கியவர்களில் விர்ச்சோவும் ஒருவர். பிரஷ்ய நாடாளுமன்றத்தில் பிரதமர் பிஸ்மார்க்கின் ராணுவச் செலவுகளை விடாமல் எதிர்த்தார். 1865-இல் ஒரு விவாதத்தில் பிஸ்மார்க்கின் நேர்மையையே சந்தேகித்துப் பேச, கோபமான பிஸ்மார்க் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார்.

புழு உள்ள தொத்திறைச்சியையே ஆயுதமாகத் தேர்ந்தெடுத்து பிஸ்மார்க்கைப் பின்வாங்க வைத்தார் என்று சோஷியல் மீடியாவில் சுற்றும் கதைக்கு நம்பகமான ஆதாரம் இல்லை. கேட்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

அவர் தவறிய இடங்கள்

இவ்வளவு பெரிய மனிதர் தப்பே செய்யவில்லையா? செய்தார். பெரிய தப்புகள்.

பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் கையைக் கழுவினால் தாய்மார்கள் சாவது குறையும் என்று சொன்ன செம்மல்வைஸின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அவருடைய செல்வாக்கு அந்தக் கருத்து பரவுவதற்குத் தடையாக நின்றவற்றில் ஒன்று.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். அதையும் விர்ச்சோ சந்தேகத்தோடுதான் பார்த்தார். எல்லாப் பழியையும் கிருமி மேல் போட்டுவிட்டால் வறுமையை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்ற கவலையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கிருமியின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டது தவறு.

மானுடவியல் ஆய்வுக்காக அவர் சேர்த்த மண்டை ஓடுகள், எலும்புகளில் பல, காலனி நாடுகளிலிருந்து சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் கொண்டுவரப்பட்டவை. அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அதே சமயம், ஜெர்மனியில் 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறத்தைப் பதிவு செய்து, கலப்பில்லாத ஜெர்மன் இனம் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை என்று காட்டியதும், யூத வெறுப்பை எதிர்த்ததும் அவரேதான்.

கடைசி நாட்கள்

1902 ஜனவரி 4. பெர்லினின் லைப்சிகர் தெருவில், ஓடிக்கொண்டிருந்த டிராமிலிருந்து 80 வயது விர்ச்சோ குதித்து இறங்கினார். கால் தவறி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. அதன்பிறகு உடல்நிலை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. செப்டம்பர் 5 அன்று காலமானார். பெர்லின் நகரமே அவருக்கு இறுதி மரியாதை செய்தது. 1906-இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

விர்ச்சோவும் காக்கும் ஒத்துப்போகாத அதே காசநோயை எடுத்துக்குவோம். கிருமி தெரியும். மருந்து இருக்கிறது. ஆனாலும் இந்தியாவில் டிபி ஒழிந்தபாடில்லை. ஏன்?

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2,800 டிபி நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் ஊட்டச்சத்து உதவி உண்டு. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை தரப்பட்டது. 2023-இல் முடிவுகள் வெளிவந்தன. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் டிபி 48 சதவீதம் குறைந்தது.

புது மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. அரிசியும் பருப்பும்தான்.

டிபி நோயாளிகளுக்கு மத்திய அரசு 2018-இல் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும், 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தியதும் இந்தக் கணக்கில்தான். உலக சுகாதார அமைப்பு அமைத்த சமூகக் காரணிகள் ஆணையம் 2008-இல் தந்த அறிக்கையும் இதே திசையில்தான் பேசியது: வீடு, வேலை, கூலி, கல்வி, குடிநீர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல், ஆஸ்பத்திரியை மட்டும் கட்டினால் ஆரோக்கியம் வராது.

கிருமி யாருடைய உடம்பிலும் நுழையலாம். ஆனால் யாரைப் படுக்க வைக்கும், யாரைக் கொல்லும் என்பதை அந்த வீட்டுச் சட்டியில் என்ன இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. அடுத்த முறை உங்க ஊரில் காய்ச்சல் பரவினால், மாத்திரை வாங்குங்க, கண்டிப்பா வாங்குங்க. கூடவே தண்ணீர் எப்படி வருது, சாக்கடை எங்க போகுது, யார் வீட்டில் அடுப்பு எரியலைன்னும் கேளுங்க. 26 வயசுல விர்ச்சோ கேட்டது இதைத்தான்.